கியர் பொக்ஸ் பாவம், விட்டுவிடுங்கோ

எங்கட வட்டத்தில் ஒருத்தரின் வீட்டில் அம்மப்பாவின் ஒஸ்ரின் ஏ-40 சொமர்செற் நிற்கிறது. 1950களின் தொடக்கத்தில் வந்த கார். போன மாதம் அதை விற்கிற கதை எழும்பியது. காரணம், கியர் விழுகுதில்லை. மூன்றாவது என்று போட்டால் முதலாவதில் போய் நிற்கும். "கியர் பொக்ஸ் முடிஞ்சுது, சாமான் எடுக்கேலாது, வந்த விலைக்குக் குடுங்கோ" என்று ஒரு கராஜில் சொல்லிவிட்டார்கள். வாங்குகிற ஆள் அடுத்த நாளே வந்துவிட்டார். அந்த வேகத்தை நாங்கள் குறித்து வைத்துக்கொண்டோம்.

நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள். பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில், அவ்வளவு தூரம் போகவில்லை. கடைச்சல் பட்டறை வைத்திருக்கிற ஒரு ஐயாவைக் கூட்டி வந்தோம். அவர் பொனற்றைத் திறந்து, எங்களில் ஒருத்தரை உள்ளே இருந்து லீவரை ஆட்டச் சொன்னார். "பிள்ளையள், மேல கை ஆடுது, கீழ ரொட் ஆடேல்லை. பிறகேன் பொக்ஸைத் திட்டுறியள்?"

விசயம் இவ்வளவுதான். மொறிஸ் மைனரில் கியர் லீவர் பொக்ஸின் தலையிலேயே நிற்கிறது. சொமர்செற்றில் அது ஸ்ரியறிங்கோடு இருக்கிறது. கையின் அசைவு ஸ்ரியறிங் தண்டோடு கீழே இறங்கி, சின்னக் கைகள், ரொட்டுகள் வழியாகத்தான் பொக்ஸுக்குப் போக வேண்டும். லீவரின் ஒரு அசைவு எந்தச் சோடி கியர் என்று தெரிகிறது, மற்ற அசைவு அதைப் போடுகிறது. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பின், ஒரு புஷ். ஒவ்வொன்றும் அரை மில்லிமீற்றர் தேய்ந்தாலும் ஆறு மூட்டில் மூன்று மில்லிமீற்றர் ஆகிறது. நெம்புகோல் அதைப் பெருக்கிக் கையில் தரும்போது லீவர் கஞ்சிக்குள் விட்ட அகப்பை மாதிரி ஆடும். தெரிகிற அசைவு முழுதாகப் போய்ச் சேராவிட்டால் மூன்றாவது கேட்டவருக்கு முதலாவதுதான் கிடைக்கும்.

இதைப் பழைய காரின் நோய் என்று ஒதுக்க வேண்டாம். ஒஸ்ரின் இதே ஏ-40ஐ வைத்து ஜென்சன் செய்த உடலோடு ஏ-40 ஸ்போர்ட்ஸ் என்று ஒரு கார் விட்டது. முதலில் தரைக் கியர், பிறகு அதற்கும் ஸ்ரியறிங் கியர். எஞ்சினைப் பின்னுக்கு வைத்த பழைய போர்ஷே 911இலும் லீவரிலிருந்து நீளமான ரொட் ஒன்று பின்னுக்குப் போகிறது. இடையில் உள்ள இணைப்பின் சின்னப் புஷ்கள் தேய்ந்தால் அந்த விலையான காரும் கஞ்சி கிண்டும். அவ்வளவு தூரம் ஏன், எங்கட ஓட்டோவுக்கும் எஞ்சின் பின்னுக்குத்தானே. கியர் கேபிள் தொய்ந்தால் எந்த ஓட்டோ அண்ணையும் பொக்ஸை இறக்கமாட்டார், முதலில் கேபிளை இறுக்குவார்.

இப்ப காணொளி பார்த்துவிட்டு 'ஷோர்ட் ஷிஃப்டர்' பூட்ட ஆசைப்படுகிற நண்பர்களோடுதான் எங்களுக்குச் சண்டை. அது நெம்புகோலின் விகிதத்தை மாற்றுகிறது. கை போகிற தூரம் குறையும், தள்ளுகிற பலம் கூடும். தேய்ந்த புஷ் தேய்ந்தபடியே இருக்கும். காற்பங்கு வீணாய்ப் போன அசைவு இப்பவும் காற்பங்கு வீணாய்த்தான் போகும். காசு இருந்தால் பூட்டுங்கோ, ஆனால் புஷ் மாற்றிய பிறகு.

அதற்காக எல்லா மூட்டையும் பித்தளையால் கெட்டியாக அடைப்பதும் சரியில்லை. நாங்கள் அப்படித்தான் நினைத்தோம், ஐயா மறித்தார். லீவர் உடலோடு நிற்கிறது, எஞ்சினும் பொக்ஸும் றப்பர் மவுண்டில் நிற்கின்றன. அக்சிலேற்றர் மிதித்தால் எஞ்சின் சற்றுப் புரளும். அந்தப் புரளலை இணைப்பு எங்கேயாவது தாங்கவேண்டும், இல்லாவிட்டால் ஓடும்போதே கியரை இழுத்துவிடும். எதைக் கெட்டியாக்கலாம், எதை விடலாம் என்பதுதான் வித்தை. அவர் மவுண்டைத்தான் முதலில் பார்த்தார்.

யாழ்ப்பாணத்துப் பழைய கார்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் மண்ணெண்ணெய்க் கதையில் நின்றுவிடுகிறார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடியது உண்மை, நல்ல கதையும்தான். ஆனால் சாமான் வராத அந்த ஆண்டுகளில் புஷ்ஷை யார் கடைந்தார்கள், என்ன உலோகத்தில், எவ்வளவு இடைவெளி விட்டு? அது ஒரு இடத்திலும் எழுதப்படவில்லை. வாய்மொழி வரலாறு படிக்கிற எங்களுக்கும் இது வரலாறாகத் தோன்றவில்லை என்பது எங்கட குறைதான். பாட்டுக்கும் கூத்துக்கும் ஒலிப்பதிவுக் கருவியோடு போகிறோம். ஒயில் பிடித்த கையிடம் போவதில்லை. ஐயாவுக்கு இப்ப பழகுநர் ஒருவரும் இல்லை.

அவர் கடைந்து தந்த நாலு புஷ்ஷும், நீளம் திருத்திய ரொட்டும், ஒரு பின்னேரமும் சரியாகப் போனது. கார் விற்கவில்லை. ஐயாவிடம் அளவுகளை எழுத அடுத்த சனிக்கிழமை கொப்பியோடு போகிறோம், வர விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கோ. ரிவேர்ஸ் மட்டும் இன்னும் கொஞ்சம் முரண்டு பிடிக்குது. எந்த மூட்டு என்று தெரியும்.