மன்னார்புரத்தில் ஆக்கிரமிப்பு, ஸ்ரீரங்கத்தில் அடிமனை

போன ஞாயிற்றுக்கிழமை திருச்சி மன்னார்புரத்தில் ஒரு சலூனில் முகம் நிறைய நுரையோடு உட்கார்ந்திருந்தேன். டிவியில் எந்த ஊரிலோ ஒரு பொக்லைன் ஓட்டு வீட்டுச் சுவரைச் சரித்துக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலிப் பெரியவர் ரிட்டயர்டு அரசு ஊழியர். மகள் வீட்டுக்கு வந்தவர். உடனே தீர்ப்பு சொல்லிவிட்டார்: "புறம்போக்குல இருக்கறவனுக்கு என்ன சார் ரைட்ஸ்? நோட்டீஸ் ஒண்ணுதான் கேடு! காலையில வந்தமா, மத்தியானத்துக்குள்ள முடிச்சமான்னு போகணும்."

கழுத்தில் கத்தி இருந்ததால் வாயைத் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன்.

அவர் சொந்த வீடு இருப்பது ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில். அங்கே கோயிலைச் சுற்றி 300 ஏக்கருக்கு மேல் அடிமனை, அதாவது வீடுகள் நிற்கும் நிலம், பெருமாளுக்குச் சொந்தம் என்கிறது கோயில் நிர்வாகம். தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் வீட்டை விற்கப் போனால் பத்திரப்பதிவு நடக்காது. ஒரு முதலமைச்சரே தொகுதி எம்.எல்.ஏ.வாக இருந்த காலத்திலும் இந்தச் சிக்கல் தீரவில்லை. இன்றும் தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதி. அந்த மக்கள் பக்கம்தான் நான். ஆனால் அவர்களை யாராவது ஆக்கிரமிப்பாளர் என்கிறார்களா? "அடிமனைப் பிரச்சினை" என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறோம். மாடி வீடு என்றால் பிரச்சினை, ஓட்டு வீடு என்றால் ஆக்கிரமிப்பு.

நோட்டீஸ் எதற்காம். நில ஆக்கிரமிப்புச் சட்டம் 1905-ல் வெள்ளைக்காரன் போட்டது. அவனே 7-ஆம் பிரிவில், முதலில் நோட்டீஸ் கொடு, காரணம் கேள் என்று எழுதி வைத்தான். 1985-ல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், வாழும் உரிமைக்குள் பிழைப்பும் அடக்கம் என்றது உச்ச நீதிமன்றம். நடைபாதையில் குடியிருக்க உரிமை தரவில்லைதான்; ஆனால் ஒரு வார்த்தை கேட்காமல் கை வைக்காதே என்றது. 2024 நவம்பர் 13-ல் நீதிபதிகள் கவாய், விஸ்வநாதன் அமர்வு, இடிப்பதற்கு முன் 15 நாள் நோட்டீஸ் கட்டாயம் என்றது. சாலை, நீர்நிலை, ரயில் பாதை ஓரத்துக்கு அது பொருந்தாது என்று அதே தீர்ப்பில் இருப்பதும் தெரியும். அதைப் படித்துவிட்டுத் துள்ளுகிறவர்கள் 1905-ஐயும் படிக்கட்டும்.

இதே ஊரில் உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் ஒரு ஆயா தன் மஞ்சப் பையை என் முன்னால் கவிழ்த்தார். ரேஷன் கார்டு, கரண்டு பில், வீட்டு வரி ரசீது, ஆக்கிரமிப்புக்கு வருவாய்த்துறை கொடுத்து, மடித்து மடித்துக் கிழிந்துபோன பி மெமோ. வரி ரசீது பட்டா ஆகாது, சட்டம் அப்படித்தான். ஆனால் வரி வாங்கும்போது குடிமகள், இடிக்கும்போது மட்டும் ஆக்கிரமிப்பாளரா? ஓட்டுக் கேட்டு வந்த ஒருவருக்குக்கூட அந்த வாசல் புறம்போக்கு என்று தெரியவில்லையா? மனிதர்களைத் திட்டவே புறம்போக்கு என்ற சொல்லை எடுக்கிற ஊர்தானே நாம். அது வருவாய்க் கணக்கில் நிலத்துக்கு வைத்த பெயர், அங்கே பிறந்த பிள்ளைக்கு வைத்த பெயர் இல்லை.

மத்தியானத்துக்குள் முடிக்க வேண்டுமாம். இதே மன்னார்புரத்தில் ஜங்ஷன் மேம்பாலத்தின் ஒரு கை வருடக்கணக்கில் அந்தரத்தில் தொங்கியதே, மறந்துவிட்டதா? குறுக்கே இருந்தது ஒரு ஏக்கர்கூட வராத ராணுவ நிலம். அதற்கு மத்திய அரசும் மாநில அரசும் கடிதம் எழுதி, மாற்று பேசி, காத்திருந்தன. ராணுவத்துக்கு மட்டும் ஒரு பொக்லைனும் கிளம்பவில்லை. அரசாங்கத்திடம் அரசாங்கத்துக்கு எவ்வளவு பொறுமை!

மாற்று வீடு தருகிறார்களே என்பார்கள். சென்னையில் அப்படித்தான் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அள்ளிக்கொண்டு போனார்கள்; வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணின் பிழைப்பு மயிலாப்பூரிலேயே நின்றுவிட்டது. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிபடும்போது ஒரு பெரியவர் தீக்குளித்து இறந்தார். அதற்குப் பிறகுதான் மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கமே வீடு தருவதாகச் சட்டசபையில் அறிவிப்பு வந்தது. அந்த வீடு அந்த உயிர் போவதற்கு முன்னால் எங்கே இருந்தது?

சித்திரை வீதிப் பெரியவரே, நாளைக்கு உங்கள் தெருவில் ஒரு பொக்லைன் வந்து நின்றால் முதல் ஆளாக நான் வந்து மறிப்பேன். உங்கள் அடிமனைக்கு எந்த நியாயம் கேட்கிறீர்களோ, அதையே உய்யக்கொண்டான் கரைக்கும் கேளுங்கள். அதற்கு மனசு வரவில்லை என்றால், சவரம் முடிகிறவரைக்குமாவது சும்மா இருங்கள்.