மருந்து சோதனை: கையெழுத்து போடும் முன்பு கேளுங்க!

ராயபுரம்:

புது மருந்து எதுவானாலும் கடைக்கு வரும் முன்பு மனித உடம்பில் சோதித்து பார்த்தே ஆக வேண்டும். அந்த உடம்பு ஒரு கூலித்தொழிலாளியுடையது என்றால் டாக்டருக்கும் சிக்கல், தொழிலாளிக்கும் சிக்கல்.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் அன்றாடம் உழைத்தால்தான் அடுப்பு எரியும் குடும்பங்கள் ஏராளம். "மாதம் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்றால் அன்றைய கூலி போச்சு. விசைப்படகில் போனவர் திரும்ப பல நாள் ஆகும். வாடகை ஏறினால் வீடு மாறிவிடுவார். இப்படி பலர் பாதியில் நின்றுவிட்டால், மருந்து வேலை செய்ததா என்ற கணக்கே தப்பாகிவிடும்.

சென்னை காட்டிய வழி

இதை சமாளிக்க முடியும் என்று உலகத்துக்கு காட்டியதும் சென்னைதான். 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் சிகிச்சை ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. அப்போது காசநோய் என்றாலே சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும்.

193 நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்தில் சேர்த்தனர். மற்றவர்களுக்கு வீட்டிலேயே மருந்து. எல்லோரும் நெரிசலான வீடுகளில் வாழ்ந்த ஏழைகள். மருந்தை கொடுத்துவிட்டு கைகழுவவில்லை. ஊழியர்கள் திடீரென வீட்டுக்கே போய் மிச்சம் இருந்த மாத்திரைகளை எண்ணினார்கள்.

1959-ல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு குணமானார்கள். உலகம் முழுக்க காசநோய் சிகிச்சையே மாறியது.

யார் கொடுத்த சம்மதம்?

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. 2009-ல் ஆந்திரா, குஜராத்தில் சிறுமிகளுக்கு கர்ப்பப்பை வாய் புற்றுநோய் தடுப்பூசி போட்டு ஆய்வு நடந்தது. 7 சிறுமிகள் இறந்ததால் 2010-ல் அது நிறுத்தப்பட்டது. சாவுக்கு ஊசி காரணமாக தெரியவில்லை என்று விசாரணைக்குழு கூறியது. ஆனால் பெற்றோருக்கு பதில் விடுதி வார்டன்களும் தலைமை ஆசிரியர்களும் கையெழுத்து போட்டிருந்தது அம்பலமானது. 2013-ல் நாடாளுமன்ற குழு கடுமையாக கண்டித்தது.

பணக்கஷ்டத்தில் தலையாட்டுவதும் முழு சம்மதம் ஆகாது. சுனாமிக்கு பிறகு எர்ணாவூர் குடியிருப்பில் பெண்கள் சிறுநீரகம் விற்ற கொடுமை 2007-ல் வெளிவந்தது. வடசென்னைக்கு இது புதுசு அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

2019-ம் ஆண்டு விதிகளின்படி, நமக்கு புரியும் மொழியில் விளக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு, சோதனை நடத்துவோருடன் சம்பந்தம் இல்லாத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும். கையெழுத்து போட்ட படிவத்தின் நகல் நம்ம கைக்கு வர வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், வழக்கமான சிகிச்சையை நிறுத்தக்கூடாது. சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை, இழப்பீடு உண்டு. பஸ் செலவும் போன கூலியும் கொடுக்கலாம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 நெறிமுறை. ஆசை காட்டும் அளவுக்கு பணம் கொடுக்கத்தான் தடை.

மருந்து சோதனையே வேண்டாம் என்று ஒதுங்கினால் நாளைக்கு நம்ம பிள்ளைகளுக்குத்தான் நல்ல மருந்து கிடைக்காது. அதற்காக கண்ணை மூடிக்கிட்டு கையெழுத்தும் போடக்கூடாது.

அந்த படிவத்தில் வாரிசு பெயர் எழுத ஒரு இடம் இருக்கும். ரேஷன் கார்டு படிவம் மாதிரி நினைச்சு நிரப்பிட்டு போயிடாதீங்க. அது எதுக்கு என்று முதலில் கேளுங்க. பதில் புரிஞ்ச பிறகு பேனாவை எடுங்க!