யூத வெறுப்பு - சனையாவில் ஒரு வாக்குவாதம்

2025 செப்டம்பர் 9, செவ்வாய்க்கிழமை பிற்பகல். தோஹாவின் லெக்தைஃபியா பகுதியில் இஸ்ரேலிய விமானங்கள் குண்டு வீசின. காஸா போர்நிறுத்தம் குறித்துப் பேச்சுவார்த்தையில் இருந்த ஹமாஸ் தலைவர்களே குறி. தலைவர்கள் தப்பினார்கள். கீழ்மட்ட உறுப்பினர்கள் சிலரும் கத்தார் பாதுகாப்புப் படை வீரர் ஒருவரும் இறந்தார்கள். இருபது நாள் கழித்து, வெள்ளை மாளிகையிலிருந்து தொலைபேசியில் கத்தார் பிரதமரிடம் நெதன்யாகு வருத்தம் தெரிவித்தது பிற்பாடு நடந்த கதை.

அன்றிரவு நான் தொழில்பேட்டையில் நண்பர்கள் அறையில் இருந்தேன். சனையா என்று சொன்னால்தான் இங்கே எல்லோருக்கும் விளங்கும். அடுக்குக் கட்டில்கள் போட்ட ஆறு பேர் அறை. ஒவ்வொரு கைபேசியிலும் ஊரிலிருந்து அழைப்பு. "இங்க ஒண்ணும் இல்லம்மா, அது டவுன்ல, நான் சனையால இருக்கேன்" என்று எல்லோரும் ஒரே பதிலைச் சொல்லி முடித்த பிறகு பேச்சு ஆரம்பித்தது.

ராமநாதபுரத்துத் தம்பி ஒருவன், வெல்டர், நல்ல பையன். "யூதன் புத்தியே அதுதாண்ணே" என்று சொல்லிக் கைபேசியை நீட்டினான். ஹிட்லர் படம். யூதர்களில் கொஞ்சம் பேரை விட்டுவைத்ததே, மற்றவர்களை ஏன் கொன்றேன் என்று உலகம் தெரிந்துகொள்ளத்தான் என்று ஹிட்லர் சொன்னதாகக் கீழே ஒரு வாசகம். நம்மில் பலருக்கும் இது வந்திருக்கும். எனக்கும் நாலைந்து முறை வந்திருக்கிறது, படித்தவர்களிடமிருந்தும்கூட. ஒருமுறையும் நான் மறுத்து எழுதியதில்லை. அன்றும் உடனே வாய் திறக்கவில்லை. குண்டு விழுந்த ராத்திரியில் யூதர்களுக்காகப் பேசுகிறவன் என்ற பெயர் வேண்டாமே என்ற தயக்கம்தான்.

முதலில் அந்த வாசகத்தைப் பார்த்துவிடலாம். ஹிட்லர் அப்படிச் சொன்னதற்கு எந்தச் சான்றும் இல்லை. நடந்ததற்கும் அது நேர் எதிர். 1942 ஜனவரி 20 அன்று பெர்லின் அருகே வான்ஸேயில் நாஜி அதிகாரிகள் கூடியபோது, ஒழிக்க வேண்டிய யூதர்களின் எண்ணிக்கை நாடுவாரியாக மேசையில் இருந்தது. மொத்தம் 1 கோடியே 10 லட்சம். நாஜிகள் பிடித்திராத இங்கிலாந்தும் நடுநிலை வகித்த அயர்லாந்தும் சுவிட்சர்லாந்தும்கூட அந்தப் பட்டியலில் உண்டு. 60 லட்சத்தோடு நின்றது போரில் தோற்றதனால். எவரையும் விட்டுவைக்கும் எண்ணம் அங்கே இருந்ததில்லை.

இதற்கு மூத்த பொய் ஒன்றும் உண்டு. யூத மூப்பர்கள் ரகசியமாகக் கூடி உலகை ஆளத் திட்டமிட்டதாகச் சொல்லும் 'நெறிமுறைகள்' 1903ல் ரஷ்யப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது. 1864ல் மோரிஸ் ஜோலி என்ற பிரெஞ்சுக்காரர் மூன்றாம் நெப்போலியனைக் கிண்டல் செய்து எழுதிய நூலிலிருந்து திருடப்பட்டது அது என்று 1921லேயே லண்டன் 'டைம்ஸ்' பக்கம் பக்கமாக ஒப்பிட்டுக் காட்டியது. ஜோலியின் நூலில் யூதர்களைப் பற்றிய பேச்சே கிடையாது. ஆனாலும் 1988ல் ஹமாஸ் தன் சாசனத்தில் அந்தப் போலி நூலை மேற்கோள் காட்டியது. தங்கள் மோதல் சியோனியத் திட்டத்தோடுதான், யூதர்களோடு அவர்கள் மதத்துக்காக அல்ல என்று அதே அமைப்பு எழுத 2017 வரை ஆயிற்று.

இந்தப் பக்கம் இப்படி என்றால், மறுபக்கத்திலும் ஒரு தந்திரம் இருக்கிறது. 2023 அக்டோபர் 7ல் ஹமாஸ் தாக்குதலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். அதன் பின் காஸாவில் இறந்தவர்கள் 60,000க்கு மேல் என்கிறது அங்குள்ள சுகாதார அமைச்சகம். இந்த இரண்டாவது எண்ணைச் சொன்னதுமே யூத வெறுப்பு என்று முத்திரை குத்துகிறவர்கள் உண்டு. யூதப் படுகொலை நினைவுக்கான சர்வதேசக் கூட்டணி 2016ல் ஏற்ற வரையறையோடு 11 உதாரணங்கள் தரப்பட்டன. அவற்றில் 7 இஸ்ரேல் தொடர்பானவை. மூல வாசகத்தை எழுதியதில் முக்கியப் பங்கு வகித்த கென்னத் ஸ்டெர்ன் தாமும் ஒரு யூதர். புள்ளிவிவரம் சேகரிக்க எழுதியதைப் பல்கலைக்கழகங்களில் வாயடைக்கப் பயன்படுத்துகிறார்களே என்று அவரே எதிர்த்தார். 2021ல் அறிஞர்கள் பலர் கையெழுத்திட்ட ஜெருசலேம் பிரகடனம், இஸ்ரேலைக் கடுமையாக விமர்சிப்பது வேறு, யூதரை யூதர் என்பதற்காக வெறுப்பது வேறு என்று பிரித்துக்காட்ட முயன்றது.

வரையறைச் சண்டை ஒருபுறம் நடக்க, சாவுகளும் நடக்கின்றன. 2025 டிசம்பர் 14 அன்று சிட்னி போண்டை கடற்கரையில் ஹனுக்கா விழாவுக்குக் கூடியிருந்தவர்கள் சுடப்பட்டு 15 பேர் இறந்தார்கள். காஸாவுக்கு விமானம் அனுப்பியவர்களா அவர்கள்? சுட்டவர்களில் ஒருவன் கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கியவர் அகமத் அல் அகமத், சிரியாவில் பிறந்த கடைக்காரர்.

மறுபடியும் அறைக்கு வருகிறேன். விவாதத்தைத் திருப்பியது நான் அல்ல. மூலைக் கட்டிலில் இருந்த ஸ்டோர்கீப்பர் அண்ணை, கொழும்பில் பிறந்து வளர்ந்தவர், அதுவரை பேசாமல் இருந்தார்.

"தம்பி, 83ல எனக்குப் பத்து வயசு. அப்பாவை றோட்டில மறிச்சவங்கள் நீ என்ன செய்தனீ எண்டு கேக்கேல்லை. வாளியைக் காட்டி, இதுக்குப் பேர் என்ன எண்டுதான் கேட்டவங்கள்."

சிங்களத்தில் வாளிக்குச் சொல்லும் வார்த்தை தமிழர் நாவில் தடுக்கும். 1983 ஜூலைக் கலவரத்தில் ஆளை அடையாளம் காண அதைச் சொல்லச் சொன்னார்கள் என்று அந்நாளைக் கடந்தவர்கள் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். அவருடைய அப்பா சரியாக உச்சரித்ததால் பிழைத்தாராம்.

இதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. என்ன செய்தாய் என்று கேட்பது நீதி. பிறப்பால் நீ யார் என்று மட்டும் கேட்பது வெறுப்பு. இலங்கை அரசைப் போர்க்குற்றத்துக்காகக் கேள்வி கேட்கிற உரிமை நமக்கு உண்டு. அதைச் சிங்கள வெறுப்பு என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டோம். ஆனால் 2013 மார்ச்சில் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்திருந்த இலங்கை புத்த பிக்கு ஒருவரும், இரண்டு நாள் கழித்து சென்னை சென்ட்ரலில் இன்னொரு பிக்குவும் தாக்கப்பட்டார்களே, அவர்களிடம் யாராவது என்ன செய்தாய் என்று கேட்டார்களா? காவி உடையைப் பார்த்ததே போதுமானதாக இருந்தது. வாளியைக் காட்டியவர்களின் கேள்வியை அன்று நாமும் கேட்டோம்.

சனையாக்காரர்களுக்கு இது புதிதும் அல்ல. 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது இங்கே 1 முதல் 32 வரையிலான தெருக்கள் அடைக்கப்பட்டன. நோய்த்தடுப்புக்கு அது தேவையாக இருந்திருக்கலாம். ஆனால் தெருக்கள் திறந்து மாதங்கள் ஆன பிறகும், சனையாவில் தங்கியிருக்கிறேன் என்றதும் ஓரடி தள்ளி நின்றவர்களை இந்த அறையில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். 1349ல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில், கிணற்றில் விஷம் கலந்து கொள்ளைநோயைப் பரப்பினார்கள் என்று நூற்றுக்கணக்கான யூதர்களை எரித்தார்கள். தள்ளி நின்றதையும் எரித்ததையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். ஆனால் நோய்க்கு ஒரு கூட்டத்தின் பெயரைச் சூட்டுவதில்தான் இரண்டும் தொடங்குகின்றன.

இதையெல்லாம் அன்று நான் இவ்வளவு கோர்வையாகச் சொல்லவில்லை. அண்ணை பேசிய பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. ஹிட்லர் படத்தைப் பற்றி மட்டும் சொன்னேன். தம்பிக்குக் கோபம்தான். "அப்ப குண்டு போட்டது யாருண்ணே?" என்றான். இஸ்ரேல் அரசு என்றேன். வாக்கியத்தில் எழுவாயைச் சரியாகப் போட்டால் பாதிச் சண்டை தீரும் என்று நான் சொன்னது வாத்தியார்த்தனமாக இருந்திருக்க வேண்டும். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டான்.

பத்து நாள் கழித்து அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. காஸாவில் இடிந்த பள்ளிக்கூடம், கீழே நெதன்யாகு அரசைச் சாடி நாலு வரி. "அண்ணே, இது சரியா?" என்று கேட்டிருந்தான். படம் எங்கே, எப்போது எடுத்தது என்று பார்க்க வேண்டும், வாக்கியம் சரி என்று பதில் எழுதினேன்.