உறக்கத்தைக் கவரும் குறுங்காணொளி

கல்லூரி விடுதிகளில் விளக்கு அணைந்த பின்னும் ஒளி அணைவதில்லை. போர்வைக்குள் கையகலத் திரையொன்று இரவு இரண்டு மணி வரை எரிந்துகொண்டிருக்கின்றது. படிப்பதற்காகக் கண்விழித்த மாணாக்கர் முன்பும் இருந்தனர். இன்று விழித்திருப்பதோ அரை மணித்துளிக்கு ஒருமுறை மாறும் கூத்துக்காக!

இதனை இளைஞரின் உள்ளத் தளர்ச்சி என்று மட்டும் சொல்லி ஒதுங்குதல் நேர்மையன்று. நூலுக்கு இறுதிப் பக்கம் உண்டு. திரைப்படத்திற்கு முடிவு உண்டு. இக் குறுங்காணொளிக்கோ முடிவென்பதே வைக்கப்படவில்லை. பக்கம் தீராமல் தானே நீளும் அமைப்பை 2006-இல் உருவாக்கிய ஆசா இராசுகின் என்னும் அமெரிக்கர், பின்னாளில் அதற்காக வெளிப்படையாகவே வருந்தினார். வணிகர் வருந்தினாரல்லர். எக்காட்சியில் விரல் தயங்கிற்று, எதனைத் தள்ளிற்று என்றெல்லாம் அளந்து, அதற்கேற்ப அடுத்ததை நீட்டுகின்றது பொறி. அடுத்தது இனிக்குமோ கசக்குமோ என்னும் அறியாமையே விரலை மீண்டும் அசைக்கின்றது. சூதாடியைக் களத்தில் இருத்துவதும் அதுவேயன்றோ? அவ்வாறு கழியும் ஒவ்வொரு நொடியும் விளம்பரக்காரர்க்கு விலையாகின்றது.

18 முதல் 25 அகவையினர்க்கு நாள்தோறும் 7 முதல் 9 மணிநேர உறக்கம் வேண்டும் என்பர் உறக்கவியலார். பகலில் கற்றதை மூளை நிலைநிறுத்துவது உறக்கத்தின்போதுதான். ஆழ்ந்த உறக்கம் இரவின் முற்பகுதியிலும், கனவுறக்கம் விடியலை ஒட்டியும் மிகுதி. இரண்டு மணிக்குப் படுத்து ஆறரைக்கு எழுபவன் இப் பின்பகுதியைப் பெரும்பாலும் இழந்துவிடுகின்றான். நிலத்தை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்பிய பெற்றோர்க்கு, அவன் வகுப்பில் இருப்பது தெரியும். அரைத்துயிலில் இருப்பது தெரியாது. குடும்பத்திலேயே முதன்முதலாகப் பல்கலைக்கழகப் படியேறியவனுக்குப் பருவத் தேர்வில் தோற்றால் கைகொடுக்க யார் உளர்?

2020 சூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 சீனச் செயலிகளை இந்திய அரசு தடை செய்தது. மூன்று திங்களுக்குள் இன்சுடாகிராமின் 'ரீல்சு'ம் யூடியூபின் 'சார்ட்சு'ம் அவ்விடத்தில் குடியேறின. முதலாளி மாறினான், பொறி மாறவில்லை. தடைக்குச் சொன்ன கரணியம் நாட்டுப் பாதுகாப்பு. பிள்ளைகளின் உறக்கத்தைப் பற்றி எவரும் பேசவில்லை. அதே டிக்டாக்கின் முதலாளி நிறுவனமோ, 2021-இல் சீனாவில் தன் செயலியை 14 அகவைக்கு உட்பட்டோர் நாளுக்கு 40 மணித்துளியே பார்க்கலாம், இரவு 10 முதல் காலை 6 வரை பார்த்தலாகாது என்று வரையறுத்தது. தன் பிள்ளைக்கு மட்டும் அளந்து ஊற்றும் கள்வணிகனை ஒத்தது இது!

பல்கலைக்கழக மாணாக்கர் சிறார் அல்லர். அவர்க்கு அவ்வகை வேலி பொருந்தாது. விடுதி இணையத்தை இரவில் நிறுத்தினும் அவரவர் கைப்பேசியில் இணையம் உண்டு. ஆகவே ஓர் அறையில் வாழ்வோர் கூடி முடிவு செய்வதே வழி: பதினொரு மணிக்குக் கைப்பேசிகள் அனைத்தும் அறையின் மறுகோடியில் மின்னேற்றத்திற்குப் போகட்டும். காலையில் எழுப்புவதற்காகவே அது தலைமாட்டில் கிடக்கின்றது என்பர் சிலர். அதற்கு ஒரு சிறு மணிப்பொறி போதும். கடைத்தெருவில் மலிவாகவே கிடைக்கின்றது.