மகள் ஜப்பானிய மொழி படிக்கப் போகலாமா?

"ஜப்பானுக்கா? அங்கே போய் என்ன சாப்பிடுவாய்?" மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு வருடத்துக்குத் தெரிவாகியிருக்கிறேன் என்று நான் சொன்னதும் மாமி கேட்டது இதைத்தான். என்ன படிப்பாய் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. போய்விட்டு வந்த பிறகும் மாமியின் கேள்வியை நான் பரிகசிக்க மாட்டேன். நியாயமான கேள்விதான். ஆனால், பெற்றோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

சாப்பாட்டுக் கதையை முதலில் முடித்துவிடலாம். ஜப்பானியச் சமையலில் மிரின் என்ற ஒன்று உண்டு. அரிசியிலிருந்து செய்யும் இனிப்பான மது அது. மீனுக்கும் ஊற்றுவார்கள், மரக்கறிக்கும் ஊற்றுவார்கள். சில சோயா சோஸ்களில் அற்ககோல் சேர்ந்திருக்கும். பாணில் உள்ள கொழுப்பு எதனுடையது என்றும் பார்க்க வேண்டும். ஆகவே வகுப்பில் கற்பிக்கும் வரை காத்திராமல் நானாகவே பாடமாக்கிய கஞ்சி எழுத்துகள் இரண்டு: பன்றி, மது. (கஞ்சி என்றதும் நோன்புக் கஞ்சியை நினைக்க வேண்டாம். சீனாவிலிருந்து வந்த எழுத்துகளுக்கு அங்கே அதுதான் பெயர். அன்றாடப் பயன்பாட்டுக்கென அரசாங்கம் வகுத்த பட்டியலில் மட்டும் 2,136 இருக்கின்றன.) ஆரம்பத்தில் ஒரு பொதியின் பின்பக்கத்தை வாசிக்கவே கால் மணித்தியாலம் போகும். காசாளர் என்னைச் சந்தேகத்தோடு பார்ப்பார். சில மாதங்களில் ஒரு பார்வை போதுமானதாகிவிட்டது. வாசிப்புப் பரீட்சையில் எனக்குக் கிடைத்த புள்ளிகளில் பாதி அந்தக் கடையில் சம்பாதித்தவை.

நான் தங்கியிருந்த ஊரிலிருந்து கோபே நகரம் புகையிரதத்தில் போய்வரக்கூடிய தூரம். ஜப்பானில் கட்டப்பட்ட முதலாவது பள்ளிவாசல் அங்கேதான் இருக்கிறது. 1935இல் திறக்கப்பட்டது. 1945இல் குண்டுவீச்சில் நகரம் எரிந்தபோதும், 1995இல் பெரும் பூமியதிர்ச்சி வந்தபோதும் அது விழாமல் நின்றது. பக்கத்திலேயே ஹலால் கடைகள். பருப்பும் மிளகாய்த்தூளும் அங்கே வாங்கி வந்து விடுதி அறையில் சமைத்தேன். பர்தாவைப் பற்றிக் கேட்டவர்கள் பெரும்பாலும் கோடையில் சூடாக இல்லையா என்றுதான் கேட்டார்கள். லுஹர் தொழுகைக்குப் படிக்கட்டின் கீழே இடம் தேடிக்கொண்டிருந்தபோது, வெறுமையாகக் கிடந்த ஒரு வகுப்பறையைக் காட்டி, நேர அட்டவணையில் அதைக் குறித்தும் வைத்தார் எங்கள் ஆசிரியை. நான் கேட்கவுமில்லை.

இனி மொழி. ஜப்பானிய மொழி மிகவும் கஷ்டம் என்று பலர் சொல்வார்கள். எழுத்தைப் பொறுத்தவரை உண்மை. வாக்கியத்தைப் பொறுத்தவரை தமிழ் மொழிமூலம் படித்தவளுக்கு அது அவ்வளவு அந்நியமல்ல. வினை கடைசியில் வரும். வேற்றுமை உருபு போல ஒன்று பெயருக்குப் பின்னால் ஒட்டும். 'வருகிறாயா' என்பதில் கடைசி 'ஆ' செய்யும் வேலையை அங்கே 'கா' செய்கிறது. 'தபேதே மிரு' என்றால் சொல்லுக்குச் சொல் 'சாப்பிட்டுப் பார்'தான். காலையில் வீட்டை விட்டு இறங்கும்போது அவர்கள் 'இத்தே கிமாஸ்' என்பார்கள். போய் வருகிறேன்! உம்மாவிடம் நான் சொல்வது போலவே. இதை ஆங்கிலத்தில் விளக்கியபோது எனக்குப் புரியவில்லை. தமிழில் யோசித்தபோது புரிந்தது. சிங்களத் தோழியரும் தங்கள் மொழியில் இதே வசதி இருப்பதாகச் சொன்னார்கள். எனவே இது நமக்கு மட்டும் உரிய பெருமையல்ல.

இந்த ஒற்றுமையைக் கண்டு தமிழும் ஜப்பானிய மொழியும் உறவு என்று வாதிட்டவர் பேராசிரியர் சுசுமு ஓனோ. அவரோடு சேர்ந்து ஆராய்ந்தவர்கள் எமது நாட்டுப் பேராசிரியர் அ. சண்முகதாஸும் அவருடைய மனைவி மனோன்மணி சண்முகதாஸும். மொழியியலாளர்களில் பெரும்பாலானோர் அந்த முடிவை ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, படிக்கும் பிள்ளைக்கு ஒற்றுமை உதவுகிறது. ஜப்பானிய மொழியைத் தமிழ் வழியாகக் கற்பிக்கும் நல்லதொரு பாடநூல் மட்டும் நான் படித்த காலத்தில் என் கைக்குக் கிடைக்கவில்லை. உங்களில் யாராவது ஒருவர் எழுத வேண்டும்.

இப்போது பெற்றோருக்கு. கேட்க வேண்டிய முதற் கேள்வி, மகள் எந்த வழியால் போகிறாள் என்பது. பல்கலைக்கழகப் பரிமாற்றத்தில் போகும் மாணவி இங்குள்ள பல்கலைக்கழகத்தின் மாணவியாகவே இருக்கிறாள். ஒப்பந்தம் உள்ள இடத்தில் பொதுவாக வகுப்புக் கட்டணம் அறவிடுவதில்லை. ஜாஸோ என்ற ஜப்பானிய மாணவர் சேவை அமைப்பின் உதவிக்குத் தெரிவானால் மாதம் 80,000 யென் கிடைக்கும். முடிந்ததும் திரும்பி வந்து பட்டத்தை முடிக்கிறாள். முகவருக்கு இலட்சக்கணக்கில் கடன்பட்டுக் கொடுத்து, வேலை செய்து அடைக்கலாம் என்ற நம்பிக்கையில் மொழிப் பாடசாலைக்குப் போவது முற்றிலும் வேறு. மாணவர் விஸாவில், அனுமதி பெற்றாலும், வாரத்துக்கு 28 மணித்தியாலம் மட்டுமே வேலை செய்யலாம். கட்டணமும் வாடகையும் கடனும் அதற்குள் அடங்குமா என்று காகிதத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2017இல் மாணவியாகப் போன எமது நாட்டுப் பெண் விஷ்மா சந்தமாலி, பின்னர் விஸாவை இழந்து, 2021 மார்ச்சில் நாகோயா குடிவரவுத் தடுப்பு நிலையத்தில் காலமானார். வயது 33. அவர் கதையில் வேறு துயரங்களும் உண்டு. ஆனாலும் விஸா இல்லாமற்போன ஒரு மாணவியின் நிலை என்னவாகலாம் என்பதை நாம் பேசாமல் இருக்க முடியாது. மிரினைப் பற்றிக் கேட்ட யாரும் என்னிடம் இதைக் கேட்கவில்லை.

பரிமாற்றமும் முற்றிலும் இலவசமல்ல. முதல் உதவிப்பணம் கைக்கு வரும் வரை செலவுக்குப் பணம் வேண்டும். என் விடயத்தில் உம்மாவின் இரண்டு காப்புகள் அடகுக்குப் போயின. துணையின்றிப் பயணம் செய்வது பற்றி வாப்பா மௌலவியிடம் கேட்டார், கடைசியில் தானே கூட வந்து விடுதியில் விட்டுவிட்டுத் திரும்பினார். அந்த இரண்டாவது டிக்கட்டின் விலையை நான் இன்னும் மறக்கவில்லை. எல்லா வாப்பாமாருக்கும் அது இயலாது என்பதும் தெரியும்.

என்னோடு தெரிவான ஒரு தோழி போகவில்லை. என்னை விட நன்றாக எழுதுவாள். ஒரு மாப்பிள்ளைப் பேச்சு வந்தது, ஒரு வருடம் பொறுக்கச் சொல்ல வீட்டில் எவருக்கும் துணிவில்லை. அவளுடைய இடம் வேறொருவருக்குப் போனது. அந்தச் சம்பந்தமும் பின்னர் சரிவரவில்லை. அவளுடைய வாப்பாவைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்த வீட்டில் யாரும் பல்கலைக்கழகத்துக்கு ஒரு முறை வந்து விசாரித்திருக்கவில்லை. எங்கே தங்குவாள், பொறுப்பாளர் யார், அங்கே எடுக்கும் பாடங்களுக்கு இங்கே திறமைப்புள்ளி தருவார்களா, அதை எழுத்தில் தருவார்களா என்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் அந்தக் காரியாலயத்தில் இருந்தது. நானும் வாப்பாவும் போய்க் கேட்டோம். அரை நாள் எடுத்தது.