அனுப்பியதும் சேர்ந்ததும்

தொலைவிலுள்ள சேவையகத்திற்குக் கோப்புகளை அனுப்பும் வேலையைக் கள அலுவலர் பலர் இன்று தம் கையால் செய்வதில்லை. நிரல் ஒன்றை எழுதிவைத்து, மாலைதோறும் அதுவே அனுப்புமாறு ஏற்பாடு செய்துகொள்கின்றனர். இதில் குறை கூற ஒன்றுமில்லை. ஆயின் இடம் மிச்சமாகும் பொருட்டு, அனுப்பியவுடன் மூலப்படியை அழித்துவிடுமாறும் சிலர் எழுதிவிடுகின்றனர். சேர்விடத்துப் படியைச் சோதித்தறியுமுன் மூலத்தை அழிக்கும் உரிமையை எந்நிரலுக்கும் அளிக்கலாகாது என்பது என் கருத்து.

இது நஷ்டத்தால் வந்த அறிவு. சில ஆண்டுகளுக்குமுன் நான் மொழிபெயர்த்த பயிர்நோய்க் கையேடு ஒன்றின் வண்ணப்படங்கள் இவ்வாறே அனுப்பப்பட்டன. "முடிந்தது" என்று நிரல் அறிவித்தது, மூலங்களையும் நீக்கிவிட்டது. மறுமுனையில் திறந்து பார்த்தபோது இலைகளின் மேற்பாதி மட்டுமே தெரிந்தது; கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம். மீண்டும் படமெடுக்கலாமெனில், நோய் காணும் பருவமோ கடந்துவிட்டது.

இதற்குக் காரணம் யாது? எஃப்.டி.பி. எனப்படும் கோப்புப் பரிமாற்ற விதிமுறையை 1971 ஏப்ரலில் முதன்முதல் வரைந்தவர், கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று அமெரிக்கா சென்ற அபய் பூஷண். 1985இல் வெளியான திருத்த வடிவமே இன்றும் அதற்கு அடிப்படை. அதன்படி, கட்டளைகள் ஓர் இணைப்பிலும் தரவு வேறோர் இணைப்பிலும் செல்லும். வழக்கமான முறையில், தரவிணைப்பு மூடப்படுவதே கோப்பு முடிந்தமைக்கு அடையாளம். ஆகவே இணைப்பு இடையில் மூடிக்கொண்டாலும், சேவையகம் அதனையே முடிவெனக் கொண்டு 226 என்னும் நிறைவுக் குறியை அனுப்பிவிடக்கூடும். மேலும், வகை குறிப்பிடாவிடில் இவ்விதி எல்லாவற்றையும் உரையென்றே கொள்ளும்; வரிமுடிவுக் குறிகள் மாற்றப்பட்டுப் படக்கோப்பு சிதைந்துபோகும். 'இரும வகை' என்று நிரலில் கட்டளையிட்டாக வேண்டும்.

எஃப்.டி.பி.யில் கடவுச்சொல் மறைப்பின்றிச் செல்வதால் எஸ்.எஃப்.டி.பி.யை ஆளுவதே நன்று. எனினும் பாதியில் நின்ற கோப்பை அதுவும் முழுமையாக்கித் தாராது.

'பதிவேற்றம்' என்னும் சொல்லே நம்மை ஏமாற்றுகிறதோ என்று எனக்கு ஐயம். கிணற்றில் ஏற்றம் இறைப்பவன், சால் மேலே வந்ததும் வேலை முடிந்ததென்று எண்ணுவதில்லை. நீர் பாத்தியில் பாய்ந்ததா என்று பார்க்கிறான்.

நிரல் கோப்பைத் தற்காலிகப் பெயரில் அனுப்புக. பின்னர் இருமுனையிலும் அளவை ஒப்பிட்டு, எஸ்.எச்.ஏ.-256 முறையில் சரிபார்ப்பெண்ணையும் ஒப்பிடுக. இரண்டும் ஒத்த பின்னரே உரிய பெயரைச் சூட்டுக. இணைப்பு மந்தமான ஊர்களில் இதற்கு நேரமேது என்பர். கோப்பு எத்துணைப் பெரிதாயினும் அவ்வெண் 64 எழுத்துகளே. மறுமுனையில் அதனைக் கணக்கிட வசதியில்லையேல், கோப்பைத் திரும்பப் பெற்று ஒப்பிட நேரும். அது தாமதமே, மறுக்கவில்லை. அதுவரை மூலப்படி இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே செய்துகாட்டலாம். பெரிய படக்கோப்பு ஒன்றை அனுப்பத் தொடங்கி, நடுவில் இணைப்பைத் துண்டித்து, இருமுனையிலும் உள்ள அளவுகளைக் கரும்பலகையில் எழுதுமாறு மாணவரைப் பணித்தல் போதும்.