மாவட்டம் மாறினால் அம்மா ஏன் அலையணும்?

மூன்றாம் நார்மல் ஃபார்ம் என்றால் என்ன? இன்ஜினியரிங் முடித்த யாரைக் கேட்டாலும் செமஸ்டருக்கு மனப்பாடம் பண்ணிய இரண்டு வரி வரும். வேலைக்குச் சேர்ந்ததும் சீனியர் ஒருவர், “அதெல்லாம் காலேஜோட போச்சுப்பா, ஜாயின் போட்டா ஸ்லோ ஆகும்” என்பார். பல வருஷம் நானும் ஜூனியர்களிடம் அதையேதான் சொன்னேன். இப்போது சொல்கிறேன்: அது சோம்பேறித்தனம். அதற்கான பில் நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் போகிறது.

எங்கள் ஊர் வாணியம்பாடி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேலம் மாவட்டம். பிறகு வட ஆற்காடு. 1989இல் அது பிரிந்தபோது வட ஆற்காடு அம்பேத்கர். அப்புறம் வேலூர். 2019 நவம்பரிலிருந்து திருப்பத்தூர். இத்தனைக்கும் ஊர் ஓர் அடி நகரவில்லை. பாலாறு அதே இடத்தில்தான் கிடக்கிறது, டேனரி வாடையும் அதேதான்.

அம்மாவின் ஓர் அட்டையில் வேலூர், இன்னொன்றில் திருப்பத்தூர். ஓர் அலுவலகத்தில் “சிஸ்டத்துல மேட்ச் ஆகலைம்மா” என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்று நடை. கடைசியில் நோட்டரி முத்திரையோடு ஒரு பத்திரம், இரண்டும் ஒரே வீடுதான் என்று. மாவட்டத்தைப் பிரித்தது அரசாங்கம். நிரூபிக்க வேண்டியது அம்மாவா?

ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970இல் ரிலேஷனல் மாடலை முன்வைத்தார். அடுத்த ஓரிரு வருஷத்தில் நார்மல் ஃபார்ம்களை வளர்த்தபோது அவர் குறிவைத்தது இந்த நோயைத்தான். ஆளைத் தெரிந்தால் ஊர் தெரியும், ஊரைத் தெரிந்தால் மாவட்டம் தெரியும். அப்படியானால் மாவட்டம் என்பது ஆளைப் பற்றிய தகவலே இல்லை, ஊரைப் பற்றியது. அதை ஊர் டேபிளில் ஒரே இடத்தில் வையுங்கள். ஆளின் வரிசையில் ஊரின் கீ போதும். மாறாக, லட்சம் வரிசைகளில் ‘வேலூர்’ என்று எழுதி வைத்தால் பிரிவினை நாளன்று சில திருந்தும், சில தங்கிவிடும்.

“2010இல் பதிந்த பத்திரத்தில் வேலூர் என்றுதானே இருக்கணும்?” நியாயமான கேள்வி. ஊர், மாவட்டம், எந்தத் தேதி முதல், எந்தத் தேதி வரை என்று நான்கு பத்திகளோடு தனி டேபிள் போடுங்கள். பழைய பத்திரமும் சரி, புது அட்டையும் சரி. அம்மாவின் இரண்டு அட்டைகளும் உண்மை என்று சிஸ்டமே சொல்லும்.

“ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி டேட்டாபேஸ் ஆச்சே?” ஆமாம், ஒன்றின் ஃபாரின் கீ இன்னொன்றுக்குள் எட்டாது. ஆனால் ஒன்றிய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் லோக்கல் கவர்ன்மென்ட் டைரக்டரி மாவட்டத்துக்கும் நகராட்சிக்கும் கிராமத்துக்கும் எண் கொடுத்து வைத்திருக்கிறது. பெயருக்குப் பதில் அந்த எண்ணைச் சேமிக்கலாமே?

வேகமா? தமிழ்நாட்டில் இருப்பது 38 மாவட்டங்கள். ஊர்களையும் சேர்த்தால்கூட அந்த டேபிள் மெமரியின் ஒரு மூலையில் அடங்கிவிடும். அளந்து பார்த்து, மூலம் எது, நகல் எது என்று முடிவுசெய்து நகலெடுத்தால் அது இன்ஜினியரிங். அளக்காமலே நகலெடுப்பது வெறும் பழக்கம்.

அடுத்த ஸ்கீமா ரிவ்யூவில் யாராவது ஆள் டேபிளில் மாவட்டத்துக்கு ஒரு பத்தி போட்டால், ஒன்று மட்டும் கேளுங்கள்: “மாவட்டம் பிரிஞ்சா இதை யார் திருத்துவாங்க?” பதில் வரவில்லையென்றால், நோட்டரி வாசலில் போய் நிற்கப்போவது யாரோ ஒருவரின் அம்மா.